ஒரே மழை, இரண்டு காய்ச்சல்: அன்டிபயோடிக் எங்கே வேலை செய்கிறது?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எமது ஊர்களில் இரண்டு காய்ச்சல்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று டெங்கு. மற்றையது எலிக்காய்ச்சல். முதல் இரண்டு மூன்று நாட்களில் இவை இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள வைத்தியருக்கும் இலகுவான காரியமல்ல. கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பை அடித்துப் போட்டது போன்ற வலி, வாந்தி என இரண்டும் ஒரே முகத்தோடுதான் வரும். ஆனால் எலிக்காய்ச்சல்காரருக்குக் காலத்தோடு பெனிசிலினோ டொக்சிசைக்ளினோ கிடைத்தால் அவரது சிறுநீரகத்தையும் உயிரையும் காப்பாற்றலாம். டெங்குக்காரருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் டெங்குக்கு எதுவும் நடக்காது. ஒரு துளி கூட நடக்காது.

ஒரே மருந்து ஓரிடத்தில் உயிர் காக்கிறது, மற்றோரிடத்தில் வெறும் மாவு உருண்டையாகிவிடுகிறது. ஏன் இப்படி? இதற்கான விடை தெரிந்தால் அன்டிபயோடிக் பற்றி எமது வீடுகளில் நடக்கும் பாதி வாக்குவாதங்கள் முடிந்துவிடும்.

பாமசிக்குப் போய் "காய்ச்சலுக்கு ரெண்டு நாளைக்குக் கெப்சூல் தாங்க" என்று கேட்பது எமது மக்களிடம் சாதாரண விடயம். இலங்கையில் அன்டிபயோடிக்குகள் வைத்தியரின் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். ஆனாலும் கேட்பவரும் இருக்கிறார், கொடுப்பவரும் இருக்கிறார். இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இப்படிக் கேட்டு வாங்கும் பொட்டலத்தில் கெப்சூலோடு டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபன் போன்ற வலிக்குளிசையும் சேர்ந்து வந்துவிடும். டெங்குக் காய்ச்சலில் இந்த வலிக்குளிசைகள் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். கெப்சூல் பயன் தராது, கூட வந்தது கேடு தரும்.

எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா. திருகாணி போலச் சுருண்ட உருவம் கொண்டது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரோடு வயல் நீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உடம்புக்குள் நுழைகிறது. டெங்குவை உண்டாக்குவது வைரஸ். எமது பேச்சில் இரண்டையுமே "கிருமி" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பக்டீரியா ஒரு முழு உயிரி. ஒற்றைக் கலம்தான், ஆனால் ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் உண்டு. உணவு எடுக்கும், கழிவை வெளியேற்றும், தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே தயாரிக்கும், வளர்ந்து இரண்டாகப் பிரியும். வைரஸுக்கு இந்தக் குடித்தனம் எதுவும் கிடையாது. அது ஒரு புரத உறைக்குள் மடித்து வைத்த கட்டளைத் துண்டு. எமது கலத்துக்குள் புகுந்து, எமது இயந்திரங்களைக் கொண்டே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்கிறது.

அன்டிபயோடிக் என்பது பக்டீரியாவின் குடித்தனத்தில் உள்ள, ஆனால் எமது உடம்புக் கலங்களில் இல்லாத அல்லது வேறு வடிவில் உள்ள, ஏதோவொரு பொருளைக் குறிவைக்கும் மருந்து. எதிரியை மட்டும் தொட்டு எம்மைத் தொடாமல் விடுவதற்கு அந்த வித்தியாசமே காரணம். வைரஸிடம் அந்தப் பொருளே இல்லை. இல்லாததை எந்த மருந்தாலும் தாக்க முடியாது. (வைரஸுக்கென்று தனி மருந்துகள் சில உண்டு; அவை அன்டிபயோடிக் அல்ல.)

பெனிசிலின் குறிவைப்பது பக்டீரியாவின் கலச்சுவரை. இந்தச் சுவரைக் கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய மதிலாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கரைவலை விரிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்குவது இலகு: அது பின்னிய வலை. சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட இழைகள் வரிசையாக ஓட, அவற்றுக்கிடையே அமினோ அமிலங்களாலான குட்டைக் கயிறுகள் குறுக்கே முடியப்பட்டிருக்கும். இந்த வலை பக்டீரியா முழுவதையும் ஒரு பை போலச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறது. இறுக்கிப் பிடித்தே ஆகவேண்டும். ஏனெனில் உள்ளே உப்புகளும் மற்றப் பொருட்களும் செறிவாக இருப்பதால் வெளியிலுள்ள நீர் எப்போதும் உள்ளே வரப் பார்க்கும். சில பக்டீரியாக்களின் உள்ளே இருக்கும் அழுத்தம் காரின் டயருக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். டயரின் மேலுறை போல அந்த வலை இருப்பதால்தான் அது வெடிக்காமல் இருக்கிறது.

பக்டீரியா வளர வேண்டுமானால் இந்த வலையும் பெரிதாக வேண்டும். அதற்காக அது ஒரு பக்கம் பழைய முடிச்சுகளை வெட்டும், மறுபக்கம் புதிய இழைகளைச் சேர்த்து முடிச்சுப் போடும். முடிச்சுப் போடுவது ஒரு நொதியத்தின் வேலை. குட்டைக் கயிற்றின் நுனியைப் பிடித்து, பக்கத்து இழையோடு கட்டிவிட்டு, அடுத்த நுனிக்குப் போகும். பெனிசிலின் மூலக்கூறின் நடுவிலே நான்கு அணுக்களாலான ஒரு சின்ன வளையம் உண்டு. அதன் வடிவம் அந்தக் கயிற்று நுனியைப் போலவே இருக்கிறது. நொதியம் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பின் விட முடிவதில்லை. அந்தக் கை அதோடு ஒட்டியபடியே கிடக்கும்.

முடிச்சுப் போடும் கை முடங்கிய பின்னும், வெட்டும் நொதியங்கள் தம் வேலையைத் தொடர்கின்றன. வெட்டு நடக்கிறது, கட்டு நடக்கவில்லை. வலை நைந்து ஓரிடத்தில் பிரிகிறது. நீர் உள்ளே பாய்கிறது. பக்டீரியா வீங்கி வெடிக்கிறது. அமொக்சிசிலின், குளோக்சசிலின், கோ-அமொக்சிகிளேவ், செஃபலெக்சின், செஃபியூரொக்சிம் என்று எமது மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி காணும் பெயர்களெல்லாம் இந்த ஒரே தந்திரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எமது கலங்களுக்குக் கலச்சுவர் இல்லை, மென்சவ்வு மட்டுமே உண்டு. ஆகவே பெனிசிலினுக்கு எம்மிடம் குறிவைக்க எதுவும் இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை அதிக அளவில் கொடுத்தாலும் பொதுவாகத் தாங்கிக்கொள்வதற்கு இதுவே காரணம். பக்டீரியாக்களிலும் மைக்கோபிளாஸ்மா என்றொரு வகைக்குச் சுவரே கிடையாது. அது உண்டாக்கும் நியூமோனியாவுக்கு எவ்வளவு அமொக்சிசிலின் விழுங்கினாலும் பலனில்லை.

மற்ற அன்டிபயோடிக் குடும்பங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பக்டீரியா தன் புரதங்களைத் தயாரிக்கும் பட்டறைக்கு றைபோசோம் என்று பெயர். எமக்கும் றைபோசோம் உண்டு, ஆனால் அமைப்பு வேறு. டொக்சிசைக்ளினும் ஜென்டாமைசினும் பக்டீரியப் பட்டறையின் சிறிய பகுதியில் போய் அமர்கின்றன. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் பெரிய பகுதியில் புரதம் வெளிவரும் வழியை அடைக்கின்றன. சிப்ரோஃப்ளொக்சசின், டிஎன்ஏ இழையின் முறுக்கைத் தளர்த்தும் நொதியத்தைப் பிடிக்கிறது. இழை வெட்டப்பட்ட நிலையிலேயே நின்றுவிடுகிறது. கோ-ட்ரைமொக்சசோல், பக்டீரியா ஃபோலிக் அமிலம் தயாரிக்கும் பாதையை இரண்டு இடங்களில் மறிக்கிறது. நாம் ஃபோலிக் அமிலத்தைக் கீரையிலும் பருப்பிலும் பெற்றுக்கொள்கிறோம். பக்டீரியா தானே தயாரித்தாக வேண்டும்.

இந்த வித்தியாசம் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எமது கலங்களுக்குள் சக்தி உற்பத்தி செய்யும் இழைமணிகளில் உள்ள றைபோசோம்கள் பக்டீரியாவின் றைபோசோமை ஒத்தவை. ஒரு காலத்தில் டைபோய்ட் காய்ச்சலுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட குளோரம்ஃபெனிக்கோல், எமது எலும்பு மச்சையையும் தொந்தரவு செய்யக்கூடியது. மிக அரிதாகச் சிலருக்கு இரத்த உற்பத்தியே நின்று போனது. இன்று அது பெரும்பாலும் கண்ணில் விடும் சொட்டு மருந்தாக மட்டும் எமக்குத் தெரிகிறது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. "பவர் கூடின அன்டிபயோடிக் எழுதுங்க டொக்டர்" என்ற கோரிக்கையை வைத்தியர்கள் தினமும் கேட்கிறார்கள். அன்டிபயோடிக்கில் பவர் என்று தனியாக ஒன்று இல்லை. இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி பொருந்துமா என்பதே கேள்வி. பிள்ளைகளுக்குத் தொண்டையில் சீழோடு வரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்று, கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வாதக்காய்ச்சலாகி இதய வால்வையே கெடுத்துவிடும். அந்தப் பயங்கரமான கிருமி, எண்பது வருடங்களுக்கு மேலாகியும், இன்னும் பழைய சாதாரண பெனிசிலினுக்குப் பணிகிறது. அங்கே "புதிய, பவர் கூடிய" மருந்து கேட்பது, வீட்டுச் சாவி கையில் இருக்கும்போது கதவை உடைக்க ஆள் தேடுவதைப் போன்றது. பல வகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்து எமது குடலில் வாழும் நல்ல பக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கும். அன்டிபயோடிக் குடித்தால் வயிற்றோட்டம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, தடிமனுக்கும் இருமலுக்கும் அன்டிபயோடிக் வேலை செய்யாது என்றால், குடித்தவர்களுக்கு ஏன் சுகமாகிறது? தடிமன் தானாகவே ஒரு வாரம் பத்து நாளில் மாறிவிடும் நோய். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பாமசிக்கு ஓடுகிறோம். ஐந்தாம் ஆறாம் நாள் குறையத் தொடங்குகிறது. நன்றி கெப்சூலுக்குப் போகிறது. சளி மஞ்சளாக, பச்சையாக மாறிவிட்டது என்பதும் பக்டீரியாவுக்குச் சான்றல்ல. அந்த நிறம், கிருமியோடு சண்டையிட வந்த எமது வெண்குருதிக் கலங்களில் உள்ள ஒரு நொதியத்தின் நிறம். வைரஸ் தடிமனிலும் அது வரும்.

மருந்தின் அளவும் நேரமும் ஏன் முக்கியம் என்பதை விளக்க, மருத்துவ வரலாற்றில் ஒரு பொலிஸ்காரரின் கதை இருக்கிறது. 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சணத்தைச் சுற்றிப் பக்டீரியாக்கள் கரைந்து கிடப்பதைக் கண்டார். ஆனால் அதை மருந்தாக்க அவரால் முடியவில்லை. பத்து வருடங்கள் கழித்து ஒக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அந்த வேலையைக் கையிலெடுத்தார்கள். 1941 பெப்ரவரியில், முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து, சாகக் கிடந்த அல்பர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்குப் பெனிசிலின் ஏற்றப்பட்டது. ஒரே நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. சாப்பிடவும் தொடங்கினார். ஆனால் உலகத்தில் இருந்த பெனிசிலினே அவ்வளவுதான். அவரது சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து வெளியேறிய மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அதுவும் முடிந்தது. எஞ்சியிருந்த பக்டீரியாக்கள் மீண்டும் பெருகின. மார்ச் மாதம் அவர் இறந்துபோனார்.

சிறுநீரிலிருந்து மருந்தை எடுக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். பெனிசிலின் குடும்பம் உடம்பில் நீண்ட நேரம் தங்குவதில்லை. அமொக்சிசிலின் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆறு மணித்தியாலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கே மிஞ்சும். மறுபக்கம், வாய்ப்பான சூழலில் சில பக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். எந்தத் தடையும் இல்லாவிட்டால் ஒன்று எட்டு மணித்தியாலத்தில் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்தைத் தாண்டிவிடும். உடம்புக்குள் இவ்வளவு வேகம் இருக்காது, ஆனால் போட்டியின் தன்மை இதுதான். பெனிசிலின் குடும்பத்தில் ஒரே தடவையில் எவ்வளவு விழுங்கினோம் என்பதைவிட, போதிய அளவு மருந்து இரத்தத்தில் எத்தனை மணித்தியாலம் நின்றது என்பதே முக்கியம். "எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை" என்று எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

இது நோன்பு மாதத்தில் எமக்கு நேரடியாகப் பொருந்தும் விடயம். மூன்று வேளை எழுதிய அமொக்சிசிலினில் பகல் வேளையை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு குளிசையைச் சேர்த்து சஹரில் விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். சஹரிலிருந்து இப்தார் வரை பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் செல்கிறது. இரட்டிப்பாகக் குடித்தாலும், பாதியாகக் குறையும் கணக்கில் அது ஒரேயொரு மணித்தியாலத்தைத்தான் கூட்டித் தரும். மிகுதி நேரம் முழுவதும் பக்டீரியாவுக்கு விடுமுறை. செய்ய வேண்டியது வேறு: நோன்பு பிடிப்பதாக வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நோய்க்கு ஏற்ப, ஒரு நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ எடுக்கும் மருந்தை அவரால் தெரிவு செய்ய முடியலாம். உதாரணமாக அசித்ரோமைசின் திசுக்களுக்குள் சேர்ந்து நாட்கணக்கில் தங்குவதால் ஒரு வேளை போதும். டொக்சிசைக்ளினும் ஒன்று அல்லது இரண்டு வேளைதான். பொருத்தமான மாற்று இல்லையென்றால், நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கத்தில் இடமிருக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

போகிற போக்கில் பால் தேத்தண்ணி பற்றியும் சொல்லிவிட வேண்டும். சிப்ரோஃப்ளொக்சசினைப் பாலோடு அல்லது பால் தேத்தண்ணியோடு விழுங்கினால், பாலிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். அதில் ஒரு பகுதி இரத்தத்தில் சேராமலே வெளியேறும். இரும்புச் சத்துக் குளிசை, நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி ஆகியவை இன்னும் மோசம். டொக்சிசைக்ளினுக்கும் இது ஓரளவு பொருந்தும். தண்ணீரே போதும். டொக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

இனி, எல்லோரும் கேள்விப்படும் ஆனால் பெரும்பாலானோர் பிழையாக விளங்கிக்கொள்ளும் விடயத்துக்கு வருவோம். "அடிக்கடி குடித்து உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்பார்கள். பழகுவது உடம்பு அல்ல, பக்டீரியா. அதிலும் ஒரே பக்டீரியா படிப்படியாகப் பழகுவதில்லை. கோடிக்கணக்கில் பிரியும்போது பிரதி எடுப்பதில் தவறுகள் நேர்கின்றன. பெரும்பாலான தவறுகள் பயனற்றவை. எங்கோ ஒன்று, தற்செயலாக, மருந்திலிருந்து தப்பும் தன்மையைக் கொடுத்துவிடும். மருந்து இல்லாத இடத்தில் அந்த ஒன்றுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும். மருந்து வந்து மற்ற அனைத்தையும் கொன்றுவிட்டால், வெறுமையான வயல் முழுவதும் அதற்குச் சொந்தம்.

தப்பும் வழிகள் ஆச்சரியமானவை. சில பக்டீரியாக்கள் பெனிசிலினின் அந்த நான்கு அணு வளையத்தையே உடைக்கும் நொதியத்தை உற்பத்தி செய்கின்றன. ஏப்ரஹாமும் செயினும் இதை 1940இலேயே எழுதிவிட்டார்கள்; அந்தப் பொலிஸ்காரருக்கு முதல் ஊசி போடுவதற்கும் முன்னர். கோ-அமொக்சிகிளேவில் அமொக்சிசிலினோடு சேர்த்திருக்கும் இரண்டாவது பொருளின் வேலை, அந்த உடைக்கும் நொதியத்தைத் தான் முட்டுக்கொடுத்துத் தடுப்பது. அதனால்தான் அதன் விலை கூட. வேறு சில பக்டீரியாக்கள் முடிச்சுப் போடும் நொதியத்தின் வடிவத்தையே மாற்றி, பெனிசிலினைப் பிடிக்காமல் விட்டுவிடும். ஆஸ்பத்திரிகளில் அச்சுறுத்தும் எம்ஆர்எஸ்ஏ செய்வது இதைத்தான். இன்னும் சில, உள்ளே வந்த மருந்தை மோட்டர் வைத்து நீர் இறைப்பது போல வெளியே இறைத்துவிடும்.

இவற்றில் மிகவும் பயப்பட வேண்டியது வேறொன்று. தப்பும் வித்தையை எழுதிய டிஎன்ஏ வளையங்களை ஒரு பக்டீரியா பக்கத்திலிருக்கும் இன்னொரு பக்டீரியாவுக்குக் கொடுக்க முடியும். இவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. தேவையில்லாமல் குடித்த கெப்சூல் தடிமன் வைரஸை எதுவும் செய்யவில்லை. ஆனால் குடலிலுள்ள கோடானுகோடி பக்டீரியாக்களிடையே தப்பக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்துவிட்டது. அவை மாதக்கணக்கில் அங்கே தங்கி, ஒரே வீட்டில் உள்ள பிள்ளைக்கும் மூத்தம்மாவுக்கும் கைமாறலாம். பின்பு ஒருநாள் உண்மையாகவே ஆபத்தான கிருமியொன்று அவ்வழியே வரும்போது அந்த வளையம் கைமாறும்.

இது கற்பனையல்ல. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத் நகரில், 2016இன் இறுதியில் தொடங்கிய டைபோய்ட் பரவலில் இதுவே நடந்தது. ஏற்கனவே பல மருந்துகளுக்குப் பணியாதிருந்த டைபோய்ட் பக்டீரியா, மற்றக் குடல் பக்டீரியாக்களில் காணப்படும் ஒரு பிளாஸ்மிட்டையும் பெற்றுக்கொண்டது. குளோரம்ஃபெனிக்கோல், அம்பிசிலின், கோ-ட்ரைமொக்சசோல், சிப்ரோஃப்ளொக்சசின், செஃப்ட்ரையக்சோன் ஆகிய ஐந்தும் பயனற்றுப் போயின. வாயால் குடிக்கும் மருந்தாக மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அடுத்தது ஆஸ்பத்திரியில் நாளத்தினூடாக ஏற்றும் விலையுயர்ந்த கார்பபெனெம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சிறு பிள்ளைகள். அந்நாடு 2019இல் டைபோய்டுக்கான புதிய தடுப்பூசியைப் பிள்ளைகளின் வழமையான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடானது. அந்த அசித்ரோமைசினைத்தான் நாம் தொண்டை கரகரப்புக்குக் கேட்டு வாங்குகிறோம்.

மருந்துக்குப் பணியாத பக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக, 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் சஞ்சிகையில் 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, எவரும் கடையில் பெனிசிலின் வாங்கக்கூடிய காலம் வரலாம், அப்போது குறைந்த அளவில் குடித்துக் கிருமியைப் பணியாததாக்கிவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தார்.

"தந்த குளிசையை முழுவதும் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி பழகிவிடும்" என்ற அறிவுரையைப் பற்றி இன்று வைத்தியர்களிடையே விவாதம் உண்டு. இங்கிலாந்தின் தொற்றுநோய் நிபுணர்கள் சிலர் 2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில், பல நோய்களுக்கு இந்த அறிவுரைக்குப் போதிய ஆதாரம் இல்லை, தேவைக்கு மேல் நீண்ட நாள் குடிப்பதே கூடுதல் தீங்கு என்று எழுதினார்கள். சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு மூன்று நாள், பல நியூமோனியாக்களுக்கு ஐந்து நாள் போதுமென்று இப்போது தெரிகிறது. இதைக் கேட்டுவிட்டு "அப்படியென்றால் காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாம்" என்று முடிவெடுப்பது பிழை. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும். ஸ்ட்ரெப் தொண்டைக்குப் பெனிசிலின் பத்து நாள். வலி இரண்டாம் மூன்றாம் நாளே போய்விடும், ஆனால் இதயத்தைக் காப்பது மிகுதி நாட்கள்தான். காசநோய்க்கு ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு இரண்டு. அந்தப் பக்டீரியா மிக மெதுவாகப் பிரிவது, சில காலம் உறங்கியும் கிடப்பது. இடையில் நிறுத்தியவரின் காசநோய் மருந்துக்குப் பணியாத காசநோயாகத் திரும்பி வருவதில் எந்த விவாதமும் இல்லை. குறைக்க வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேட்கலாம். நாமே தீர்மானிக்கக் கூடாது. மிஞ்சிய குளிசைகளை அடுத்த காய்ச்சலுக்கென்று அலுமாரியில் வைப்பதும், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் இதைவிடப் பெரிய பிழை.

கோழிப்பண்ணை விடயமும் இதோடு தொடர்புடையது. நோயே இல்லாத கோழிகளுக்கு எடை கூடுவதற்காகத் தீவனத்தில் அன்டிபயோடிக் கலக்கும் வழக்கம் உலகின் பல இடங்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் அதைத் தடை செய்தது. பண்ணை வைத்திருக்கும் எமது சகோதரர்கள் கால்நடை வைத்தியரின் எழுத்தில்லாமல் தீவனத்தில் எதையும் கலக்க வேண்டியதில்லை.

அன்டிபயோடிக்கைப் பயந்து ஒதுக்குவதும் ஆபத்துத்தான். விதைப்பு, அறுவடைக் காலங்களில் வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, வாரம் ஒருமுறை விழுங்கும் டொக்சிசைக்ளினைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இலவசமாகத் தருகிறார்கள். "சும்மா இருக்கிற உடம்புக்கு எதற்கு மருந்து" என்று அதை வாங்காமல் விடுபவர்கள், அடுத்த மாதம் தடிமனுக்கு அமொக்சிசிலின் தேடிப் போவதைப் பார்க்கிறோம். தலைகீழாகச் செய்கிறோம். (கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் டொக்சிசைக்ளின் பொதுவாகப் பொருத்தமானதல்ல, அவர்களுக்கு வைத்தியர் வேறு வழி சொல்வார்.)

காய்ச்சலோடு வைத்தியரிடம் போகும்போது, வயலில், வாய்க்காலில், வெள்ள நீரில் இறங்கியிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா டெங்குவா என்று அவர் யோசிக்கும்போது அந்த ஒரு வசனம் பல பரிசோதனைகளுக்குச் சமம். பெனிசிலினோ அமொக்சிசிலினோ குடித்து உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் அந்த மருந்தின் பெயரை எழுதி வைத்துக் காட்டுங்கள். போகும் வழியில் பாமசியில் வாங்கி இரண்டு கெப்சூல் ஏற்கனவே குடித்திருந்தால், ஏசுவார் என்று பயந்து அதை மறைக்க வேண்டாம். முன்கூட்டி விழுங்கிய இரண்டே இரண்டு கெப்சூல், இரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையைப் பொய்யாக்கிவிடும். கிருமி உள்ளே இருக்கும், அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று வரும். குடித்த மருந்தின் பெயர் நினைவில்லாவிட்டால் வெறுமையான அட்டையையாவது கையோடு கொண்டு போங்கள்.